முதுகு கொடுக்கும் முறை

எங்கள் அணையைக் காலையில் ஒன்பது பேரும் மாலையில் ஒன்பது பேரும் முதுகு கொடுத்துத் தாங்குகிறோம். இரவில் யாரும் போவதில்லை. அணையும் இரவில் தூங்கும்; தூங்கும்போது அதற்குச் சாயும் எண்ணம் வருவதில்லை.

அணை சிறியது. தேயிலை ஃபாக்டரிக்கு மின்சாரம் எடுப்பதற்காக வெள்ளைக்காரர் காலத்தில் மலை ஓடையின் குறுக்கே கட்டியது. அகலம் சரியாக ஒன்பது முதுகு. ஒல்லியான ஆட்கள் வந்தால் பத்து வரை போகும், ஆனால் ஒன்பதுக்கு மேல் நான் அனுமதிப்பதில்லை. யார் எந்த இடத்தில் நிற்பது என்று பிரித்துவிடுவது என் பொறுப்பு. ஃபாக்டரியில் இலை எடை போட்டவன் என்பதால் என்னிடம் விட்டார்கள். சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட எனக்கு வராது. இடத்தைக் கையால் காட்டுவேன்.

புதிதாக நிற்பவர் எதற்காக வந்தேன் என்று சுவரிடம் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் சட்டை உலர்ந்தபடி இருக்கும். இல்லையென்றால் நனைந்துவிடும். நனைந்த முதுகு எதையும் தாங்காது; அது நின்றதாகவும் கணக்கில்லை. ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் நிற்கலாம். இரண்டாம் முறை நின்றால் சுவர் அதை வீம்பு என்று எடுத்துக்கொள்ளும்.

ஓர் இடம் காலியாக இருந்தால் அணை முன்னால் வரும். ஒரு கல்யாணத்துக்காக இரண்டு பேர் சொல்லாமல் போன அன்று ஒரு முழம் வந்துவிட்டது. அன்றிலிருந்து, மின்சாரம் எடுக்கும் மிஷின் ரூம் கதவு பாதிதான் திறக்கிறது. ஆபரேட்டர் பக்கவாட்டில் நுழைகிறார். இன்னும் வந்தால் மிஷின் ரூம் போகும். அதற்குக் கீழே இருப்பது நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகள்.

காலை முறையில் நான்காவது இடம் சவரியம்மாளுடையது. அவள் மகள் பிலோமி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நிறைமாதம். பிரசவத்துக்கு இங்கே அழைத்துவரலாம் என்றால் எஸ்டேட் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டார்கள். இதற்கு முன் ஒரு பிள்ளை பிறந்து தங்கவில்லை. அப்போது சவரியம்மாள் போகவில்லை. முறை இருந்தது.

“அண்ணே, இந்தத் தடவை நான் போகணும்” என்றாள், சுவரில் சாய்ந்தபடியே.

“உன் இடத்துக்கு ஆள்?”

“அதத்தான் உங்ககிட்ட கேக்குறேன்.”

ஐந்தாவது இடத்தில் நின்ற எசக்கிமுத்து, “ஏக்கா, முதுகை மட்டும் கழட்டி வச்சிட்டுப் போ. நான் பாத்துக்கிறேன்” என்றான்.

“நீ உன் வாயைக் கழட்டி வை. அணை முழுக்க அதுவே போதும்.”

எஸ்டேட்டில் இருந்த முதுகுகளை எண்ணிப் பார்த்தேன். என்னுடையதையும் சேர்த்துப் பதினெட்டுத்தான். பதினெட்டும் முறையில் இருந்தன. குழந்தைகள் இல்லை. ஃபாக்டரி மூடியதும் இளவட்டங்கள் எல்லாம் கீழே இறங்கிவிட்டார்கள். அன்று சாயங்காலம் சவரியம்மாள் துணிப்பையில் இரண்டு சேலையும் பழைய வேட்டியில் கிழித்த துணிகளும் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்தேன்.

அந்த வாரம் தணிகாசலம் என்ற இன்ஜினியர் சென்னையிலிருந்து வந்தார். அவரிடம் இரண்டே கேள்விகள் இருந்தன. இந்த அணை எதற்காக இருக்கிறது, பத்திரமாக இருக்கிறதா. இரண்டில் ஒன்றுக்குச் சரியான பதில் இல்லாவிட்டாலும் சுவரை உடைத்து ஓடையைத் திறந்துவிடுவார்களாம்.

“எப்ப உடைப்பீங்க சார்?” என்று சவரியம்மாள் கேட்டாள். “நாளைக்கு முடியுமா?”

“உத்தரவு வந்து, ஆள் வந்து, ஆறு மாதம் ஆகும்.”

“அப்ப எனக்குப் பிரயோஜனம் இல்ல.”

முதல் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். அணையில் மின்சாரம் எடுக்கிறோம். அதில் ஒரு பல்பு எரிகிறது. சுவரின் அடிவாரம் பள்ளத்தில் இருப்பதால் பகலிலும் இருட்டு. பல்பு இருந்தால்தான் அவரவர் இடம் தெரியும்.

“பல்பு இல்லாவிட்டால்?” என்றார்.

“இடம் மாறிச் சாய்வோம். அணை வந்துவிடும்.”

“அணை இல்லாவிட்டால்?”

“பல்பு எரியாது.”

தணிகாசலம் கொஞ்ச நேரம் பல்பைப் பார்த்தார். “இதில் குறை ஒன்றும் இல்லை” என்றார். முதல் கேள்வி முடிந்தது.

இரண்டாவது கேள்விக்கு டார்ச் அடித்து, சுவரை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். நான்காவது இடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு கசிவு இருந்தது. எங்களுக்கு அது தெரியும். சிமென்ட் பூசினால் சுவர் உதிர்த்துவிடுகிறது. அதற்கு முதுகுதான் வேண்டும். அந்த உயரத்துக்கு யார் முதுகும் எட்டவில்லை. உட்கார்ந்தால் இடுப்புத்தான் படுகிறது. எசக்கிமுத்து ஒரு தடவை படுத்துப் பார்த்தான். சுவர் அவன் தூங்க வந்ததாக நினைத்து நனைத்துவிட்டது.

“நான் தூங்கத்தான் சார் போனேன். அது கண்டுபிடிச்சிருச்சு” என்றான் அவன்.

தணிகாசலம் கசிவில் விரலை வைத்து முகர்ந்தார். “இப்போது தை மாதம். ஆடி மழை இறங்குவதற்குள் இதை அடைத்தால் பத்திரம். இல்லாவிட்டால் உடைக்கத்தான் எழுத வேண்டியிருக்கும்” என்றார்.

அப்போது மேலே ரோட்டில் திருப்பூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அது டீக்கடை முன்னால் திரும்பி நின்று அரை மணி நேரம் கழித்துக் கிளம்பும். சவரியம்மாள் சுவரில் சாய்ந்தபடி மேலே பார்த்தாள். துணிப்பை அவள் காலடியில் இருந்தது. காலையிலேயே பிலோமிக்கு வலி கண்டுவிட்டதாகப் போன் வந்திருக்கிறது. அதை அவள் அப்போதுதான் எங்களிடம் சொன்னாள்.

நான் சவரியம்மாளின் இடத்தைக் கையால் காட்டினேன். தணிகாசலத்துக்குத்தான் காட்டினேன்.

அவர் சட்டையைச் சரி செய்துகொண்டு வந்தார். சவரியம்மாள் சற்று விலகினாள். அணை ஒரு விரல்கடை முன்னால் வந்தது. அவர் சாய்ந்து, “பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டு வந்திருக்கிறேன்” என்றார்.

சட்டை நனைந்துவிட்டது. சவரியம்மாள் மறுபடி சாய்ந்துகொண்டாள். அவர் பெட்டியிலிருந்து வேறு சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

“மேலதிகாரியின் உத்தரவுப்படி வந்திருக்கிறேன்.”

அதுவும் நனைந்தது.

“சார், அது மேடைப் பேச்சுக்கு மசியாது” என்றான் எசக்கிமுத்து. “நான் மொத நாள் என்ன சொன்னேன் தெரியுமா? வீட்ல பொண்டாட்டி திட்டுறா, அதான் வந்தேன்னேன். துணி காய்ஞ்சு மொறமொறன்னு ஆயிருச்சு.”

அவரிடம் மிச்சம் இருந்தது ஒரு சட்டைதான். ஊருக்குத் திரும்பும்போது போடுவதற்காக மடிப்புக் கலையாமல் வைத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் சுவருக்கு முன்னால் நின்றார். மேலே பஸ்ஸை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது. பிறகு சாய்ந்து, எங்களுக்குக் கேட்காத குரலில் சொல்ல முயன்றார். பள்ளத்தில் எல்லாம் கேட்கும்.

“எத்தனையோ அணையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். ஒன்றின் மேலாவது சாய்ந்து நிற்க வேண்டும் என்று ஆசை. கேட்க வெட்கமாக இருந்தது.”

நான் அவர் தோளுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. அணை வந்த விரல்கடையும் பின்னால் போயிற்று.

சவரியம்மாள் பையை எடுத்துக்கொண்டு படியேறி ஓடினாள். எசக்கிமுத்து பின்னாலிருந்து, “ஏக்கா, பஸ்ல சீட்டுல சாயாத. வண்டி நின்னுரப்போவுது” என்று கத்தினான். அவள் திரும்பாமலே செருப்பைத் தூக்கிக் காட்டினாள்.

மறுநாளும் தணிகாசலம் நின்றார். அவருடைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள் போலிருக்கிறது. “மத்தியானம் முறை முடியும். நாளைக்குக் காலையில் மறுபடி இருக்கிறது” என்றார். அணை பத்திரமா என்று கேட்டார்கள். “ஒரு சாண் தவிர” என்றார்.

அன்று மத்தியானம் சவரியம்மாள் எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, பேத்தி. ரெண்டே முக்கால் கிலோ. நல்லா அழுவுறா.”

“பிலோமி?”

“கஞ்சி குடிச்சிட்டுத் தூங்குறா.” பின்னால் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள். “அண்ணே, நர்சு ஒண்ணு சொல்லுச்சு. ஒடம்பெல்லாம் ஈரமாத்தான் பொறந்தாளாம். முதுகு மட்டும் காஞ்சிருந்துச்சாம்.”

“முழு முதுகுமா?”

“முழு முதுகும். நானே தொட்டுப் பாத்தேன்.”

“பிள்ளைய இங்க கொண்டுவர மாப்பிள்ளை என்ன சொல்றார்?”

“அங்க கரண்டு உண்டான்னு கேட்டான். ஒரு பல்பு உண்டுன்னேன். சரின்னுட்டான்.”

போனை வைத்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கினேன். முறை முடிய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. நான்காவது இடத்தில் நின்ற தணிகாசலத்திடம் காலைச் சற்று நகர்த்தச் சொன்னேன். கசிவுக்கு நேரே தரையில் ஒரு சாக்கை நான்காக மடித்துப் போட்டேன். தையில் பிறந்த பிள்ளை ஆடிக்குள் உட்கார்ந்துவிடும்; அதன் முதுகு கசிவுக்கு எட்டும். தணிகாசலம் பல்பை ஒரு சாண் கீழே இறக்கிக் கட்டினார். பத்தாவது ஆளை நான் அனுமதிப்பதில்லை. ஒல்லிதான் என்பதால் இந்த ஒரு தடவை அனுமதித்தேன்.