மேலே போக வேண்டிய கை

பிசியோதெரபி கிளினிக் பெஞ்சில் சின்னராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார், வாசலை எட்டிப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். நாமக்கல் முட்டை லாரி டிரைவர் அவர். வலது தோள் இறுகிப்போய், கை தலைக்கு மேலே எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. லோடுக்கு மேலே தார்ப்பாய் விரித்து டிரைவரே கயிறு வீசிக் கட்டினால்தான் முதலாளி காளியப்பன் சாவியைக் கொடுப்பார். இன்று மூன்று மணிக்குள் வந்து வீசாவிட்டால் வண்டி இன்னொரு டிரைவர் சரவணக்குமாருக்கு. புதுசிலிருந்து சின்னராஜே ஓட்டிய வண்டி!

தேவிப்ரியா ஒரு மாதமாக வைத்தியம் பார்க்கிறாள். அதில்தான் என்ன கூத்து! கை மேலே போக வேண்டும் என்று வந்தவரின் தோளை அவள் கீழே அமுக்கினாள்.

"ஏனுங்க அம்மணி, மேல தூக்கச் சொன்னா கீழ அமுக்கறீங்களே?" என்று முதல் நாளே சண்டைக்குப் போனார்.

"கை எலும்போட தலை உருண்டைங்ண்ணா. அது உக்காந்திருக்கறது குழி. கை மேல போறப்ப உருண்டை குழிக்குள்ள கீழ வழுக்கோணும். வழுக்காட்டி மேல போய் முட்டிக்கும். மெதுவாத்தான் வழுக்க வைக்கோணும்."

மெதுவாவாம்! அந்த வார்த்தையே அவருக்கு வேப்பங்காய். போல்ட் கழலாவிட்டால் ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஒரே மிதி, அதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். தினமும் விடிந்ததும் யாருக்கும் தெரியாமல், இடது கையால் வலது கையைத் தூக்கி லாரிக் கம்பியில் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு தொங்க ஆரம்பித்தார். இன்று காலை தோளுக்குள்ளே என்னவோ கடக்கென்றது.

தேவிப்ரியா உள்ளே கூப்பிட்டு, கட்டிலில் உட்கார வைத்துத் தோளைத் தொட்டாள். "சுடுதே! வீங்கியும் கெடக்குது. என்ன பண்ணுனீங்க?"

சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "போன வாரம் காது வரைக்கும் வந்துச்சேண்ணா! இன்னும் கொஞ்சந்தானே இருந்துச்சு."

"தப்புதானுங்க அம்மணி. இப்ப கீழ அமுக்குங்க. எவ்வளவு நேரமானாலும் அசைய மாட்டேன்."

"இன்னைக்கு அமுக்கவே கூடாதுங்ண்ணா. வீக்கம் வத்தட்டும். அதுவரைக்கும் சும்மா இருங்க."

"சும்மாவா?" சின்னராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று தாண்டியிருந்தது. வெளியே ஹாரன் கேட்டது. எத்தனை லாரிக்கு நடுவிலும் தன் வண்டியின் ஹாரன் அவருக்குத் தெரியும். வளைவில் கியர் மாற்றாமல் இன்ஜினை முக்க விட்டு ஓட்டிக்கொண்டிருந்தான் சரவணக்குமார்.

"செகண்டுல போடுறா!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். கட்டிலுக்குக் கீழே அவருடைய இடது கால் கிளட்சைத் தேடி வெறும் தரையை மிதித்தது.