சிக்னல் பெட்டியில் ஒரு கொக்கு

1

இது ஒரு நையாண்டிக் கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. ஹூஸ்டனில் எங்கள் பகுதிக்கு ஒரு சிறப்பு மேலாண்மை வட்டாரம் உண்டு. மாநகராட்சியின் கை எட்டாத வேலைகளைச் செய்ய, கடைக்காரர்கள் வரிக்கு மேல் வரி கட்டி நடத்துவது. கல்லூரிப் பத்திரிகையில் அதைக் கிழித்துத் தொங்கவிடலாம் என்று போனேன். சாலை நடுவே புல் வெட்டியிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நிழல் இருந்தது. எனக்குக் கோபமாக வந்தது.

2

முதல் தொடக்கம்: "அதிகாரம் என்பது எப்போதும்—" [வேண்டாம். அவர்களிடம் இருந்தது புல்வெட்டும் இயந்திரம்.]

இரண்டாவது: சந்திப்பில், விளக்குகளை இயக்கும் ஆளுயர இரும்புச் சிக்னல் பெட்டியில் ஓவியம் வரைய வட்டாரம் ஒபியாகெலியை அமர்த்தியது. என் வகுப்புத்தோழி. திங்கள் காலை ஸ்ப்ரேயில் கொக்கின் கோடுகளை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பினால் பெட்டி பளிச்சென்று சாம்பல் நிறம்.

அதே வட்டாரத்தின் கிறுக்கல் அழிக்கும் வண்டி வந்து போயிருந்தது.*

"கோணல்மாணலா இருந்துச்சும்மா. எவனோ கிறுக்கிட்டான்னு நெனச்சேன்" என்றார் வண்டிக்காரர் குகோ.

"அது கொக்குண்ணே!"

"காலக் காணோமே?"

"சாப்ட்டு வந்து போடலாம்னு இருந்தேன்!"

* ஓவியப் பிரிவும் அழிக்கும் பிரிவும் அடுத்தடுத்த அறைகள். இந்த வேகத்தில் நம் ஊரில் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. மெய்சிலிர்க்கிறது.

3

ஒபியாகெலிக்கு இது விளையாட்டு இல்லை. வெள்ளிக்கிழமை அவள் அப்பா பார்க்க வருகிறார். படம் தேறினால் ஓவியம் படிக்கலாம், தேறாவிட்டால் மருந்தியல். பேச்சு முடிந்துவிட்டது. [அப்பாவைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன். நேரில் சந்தித்தபோது எனக்கு ஜோலோஃப் சோறு, அவர்கள் ஊர்த் தக்காளிச் சோறு, போட்டார். எழுதியதை அடித்துவிட்டேன்.]

4

வெள்ளி காலை, சாம்பலின் மேல் முதலிலிருந்து மறுபடி வரைந்து, அவள் கடைசி இறகுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருக்கையில் குகோவின் வண்டி மறுபடி வந்தது. யாரோ போனில் புகார் செய்திருக்கிறார்கள்.

"இப்பக் காலெல்லாம் இருக்கேண்ணே!"

"எனக்குத் தெரியுதும்மா, நல்லாவே இருக்கு. ஆர்டர் வந்துருச்சே, அத யாரு ரத்து பண்றது? ஆபீஸ்ல போன எடுக்க மாட்டேங்கிறாங்க." ரோலரைத் தயங்கித் தயங்கிச் சாம்பல் பெயிண்டில் தோய்த்தார்.

அப்போது அப்பாவின் கார் நின்றது.

முடிவு அ: அப்பா கண்கலங்கி— [சீ.]

முடிவு ஆ: வட்டாரத் தலைவர் ஓடிவந்து— [அவருக்கு அன்று கூட்டம்.]

நடந்தது இது, நானும் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா வெள்ளைச் சட்டையோடு ரோலருக்கும் பெட்டிக்கும் நடுவே போய் நின்றார்.

"யோவ், என்ன பண்ற?"

"கிறுக்கல்னு புகார் சார்."

"என் பொண்ணு கிறுக்குறான்னு நான் சொல்வேன். நீ யாருய்யா சொல்றதுக்கு?"

சொன்னபடியே பெட்டியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். குகோ ரோலரை நிம்மதியாக வண்டியில் போட்டார். அப்பா திரும்பியபோது அவர் முதுகில் கொக்கின் ஒரு சிறகு மஞ்சளாக ஒட்டியிருந்தது.

"அப்பா, அப்ப காலேஜு..."

"ஏறு. வீட்ல பேசிக்கலாம்."

கார் போய்விட்டது. என்னை ஏறச் சொல்லவில்லை. உங்களில் யாருக்காவது அந்த வீட்டில் பழக்கமிருந்தால், போய்க் கேட்டு இதற்குக் கீழே எழுதிவிடுங்கள்.