மகன் வரும்வரைக்கும்

அப்புத்துரை உயிரோடு இருந்த காலத்தில் யாருக்காகவும் காத்திருந்த மனிதர் அல்ல. பஸ் பிந்தினால் நடக்கத் தொடங்கிவிடுவார். சோறு பிந்தினால் குசினி வாசலில் வந்து நின்று இருமுவார். அப்படிப்பட்டவர்தான் செத்த பிறகு, தீவின் கரையோரம் இறுப்பிட்டியில் தன் சொந்த வீட்டு ஹோலில், பிரேதப் பெட்டிக்குள் பட்டு வேட்டியோடு கிடந்து மகனைப் பார்த்திருந்தார்.

தீவில் ஒருவர் கண்ணை மூடினால், என்ன வருத்தம் என்று கேட்பதற்கு முன்னரே "பிள்ளையள் எப்ப வருகினம்?" என்றுதான் சனம் கேட்கும். குறை சொல்லவும் முடியாது. அநேகமான வீடுகளில் பிள்ளைகள் கடலுக்கு அப்பால். யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வந்து உடம்பு பழுதாகாமல் எம்பாம் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிறகு விமானம் வரும்வரைக்கும் செத்தவரும் இருப்பவர்களும் ஒன்றாகக் காத்திருக்க வேண்டியதுதான். அப்புத்துரையின் மகன் நிரோஜனும் கனடாவிலிருந்து அழுதழுது கேட்டது இதைத்தான்.

"அம்மா, நான் வரும்வரைக்கும் அப்பாவை எடுத்துப்போடாதையுங்கோ. போனிலை காட்டவும் வேண்டாம். நேரிலை வந்து அந்த முகத்தைப் பாக்கவேணும்."

சறோஜினிதேவி ஓம் என்றாள். பெற்ற பிள்ளை கேட்டால் வேறு என்ன சொல்வாள்?

அவன் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினான். பார்த்துக்கொண்டிருந்த மாதிரிப் புயலும் கூடவே வந்து இறங்கியது. வடக்கே வரும் வழியெல்லாம் வெள்ளம். அவன் வந்த வான் அனுராதபுரத்தோடு நின்றுவிட்டது. இங்கே கடலுக்குள்ளால் தீவுக்கு வரும் தாம்போதித் தெருவுக்கு மேலாலும் கடல் ஏறிவிட்டது.

மத்தியானம்போல கிராம சேவகர் தாரிகா, காற்றில் மடங்கிப்போன குடையோடு வாசலில் வந்து நின்றாள். இளம் பிள்ளை. வேலைக்கு வந்து கனகாலம் ஆகவில்லை.

"அம்மா, கரையோர வீடுகள் எல்லாம் உடனை எழும்பவேணும். பின்னேரம் கடல் உள்ளுக்கு வருமாம். பள்ளிக்கூடத்திலை இடம் ஒழுங்குபண்ணியிருக்கு."

"நாங்கள் செத்தவீட்டுத் துடக்குக்காரர் பிள்ளை. சனத்துக்குள்ளை எப்பிடி வாறது?"

"புயலுக்குத் துடக்குத் தெரியுமே அம்மா? உங்களுக்கெண்டு ஒரு வகுப்பறை தாறன்."

"அப்ப இவரையும் கொண்டுவரலாம்தானே?"

தாரிகா நிலத்தைப் பார்த்தாள். "அது ஏலாது அம்மா. கைக்குழந்தையளோடை சனம் படுக்கிற இடம். ஆசுப்பத்திரிக்கு அனுப்பலாமோ எண்டும் கேட்டுப் பாத்தனான். தாம்போதி மூடினாப்பிறகு ஒரு வாகனமும் வராதாம்."

சுடலையைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை. அது கரையில்தான் இருந்தது. விடியவே அங்கே முழங்காலளவு தண்ணீர்.

"அப்ப நானும் வரேல்லை," என்றாள் சறோஜினிதேவி. "நீர் போம். உமக்கு வேறை வீடுகளும் பாக்கவேணும்."

தாயோடு கதைத்து வெல்ல முடியாது என்பது மகள் கோசலாவுக்குத் தெரியும். காணி உறுதி, அடையாள அட்டைகள், தாயின் பிறஷர் குளிசை, இரண்டு மாற்றுச் சேலை என்று ஒரு பையில் போடத் தொடங்கினாள். பக்கத்து வளவு வாமதேவன் பெண்சாதி பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, தம்பிக்காரனையும் ஏற்றிக்கொண்டு லான்ட்மாஸ்ரரில் திரும்பி வந்தான். வந்த கையோடு இருவரும் வீட்டுச் சாமான்களை உயரத்தில் ஏற்றினார்கள். அரிசி மூட்டை அலுமாரிக்கு மேலே போனது. டீவி பரணுக்குப் போனது. கதிரைகள் கட்டிலுக்கு மேல் ஏறின. கடைசியில் ஹோலில் தாழ்ந்து கிடந்தது ஒன்றே ஒன்றுதான்.

வாமதேவன் பெட்டியடிக்கு வந்தான். "அக்கா, அண்ணையையும் ஒருக்கா உயத்திவிடுவம்."

அரிசி மூட்டைக்குச் செய்ததையே அந்த மனிதருக்கும் செய்ய வேண்டி வந்துவிட்டதே என்று சறோஜினிதேவிக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனால் தடுக்கவில்லை. சாப்பாட்டு மேசைக்குச் சீமெந்துக் கல் வைத்து உயர்த்தி, பெட்டியை அதன்மேல் ஏற்றினார்கள். வாமதேவன் மூடியைத் தூக்கியபோதுதான் சறோஜினிதேவி ஓடிப்போய் மறித்தாள்.

"மூடாதையுங்கோ. பெடியன் இன்னும் முகம் பாக்கேல்லை."

மூடியைப் பிடித்தபடியே அவன் நின்றான். பாவம், அவன்தான் என்ன செய்வான்?

அந்த நேரம்தான் கோசலாவின் போன் அடித்தது. நிரோஜன். கோசலா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி, போனைத் தாயிடம் நீட்டினாள்.

"அம்மா, ஏன் இன்னும் வெளிக்கிடேல்லை?"

"உனக்கு ஓமெண்டு சொன்னனான் தம்பி. நீ வந்து பாக்கும்வரைக்கும் நான் இவரோடை இருக்கிறன். நீ பயப்பிடாதை."

லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா," என்றான். "வீடியோவைப் போடுங்கோ. அப்பாவைக் காட்டுங்கோ."

"நேரிலை பாக்கவேணும் எண்டெல்லே சொன்னனீ?"

"இப்ப காட்டுங்கோ அம்மா."

அவள் போனைப் பெட்டிக்கு மேலே பிடித்தாள். கோசலா வந்து தாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். படம் நின்று நின்று போனது.

"திருநீறு அழிஞ்சுபோச்சம்மா," என்றான் நிரோஜன்.

அவள் புதிதாகத் திருநீறு எடுத்து அந்தக் குளிர்ந்த நெற்றியில் பூசினாள். "இப்ப தெரியுதோ ராசா?"

"ஓம்." அதன்பிறகு அவன் அழுத அழுகை, பெரிய ஆம்பிளை அழுகிற மாதிரி இல்லை. முழங்கால் உரஞ்சுப்பட்ட குழந்தை அழுகிற மாதிரி இருந்தது. "காணும். பாத்திட்டன். இனி மூடச் சொல்லுங்கோ. நீங்கள் போங்கோ அம்மா. நான் வந்து சேரேக்கை நீங்களாவது இருக்கவேணும்."

லைன் போய்விட்டது.

மூடி போட்டார்கள். தண்ணீர் வந்தால் பெட்டி மிதந்துவிடும் என்று வாமதேவன் மாட்டுக் கயிற்றை எடுத்துவந்தான். அவளுக்கு அது பொறுக்கவில்லை. அலுமாரியைத் திறந்து, கழுவி மடித்துவைத்திருந்த அவருடைய நாலு முழ வேட்டிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். மனிதரின் இடுப்பில் ஒருநாளும் ஒழுங்காக நின்றறியாத வேட்டிகள். அவற்றை ஒன்றோடொன்று முடிந்து, பெட்டியைச் சுற்றி, யன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டினாள். ஒருவரையும் முடிச்சுப்போட விடவில்லை.

வெளியே வந்தபோது முற்றத்தில் கணுக்காலளவு தண்ணீர். கோசலா பூட்டை நீட்டினாள். நாய் பூந்துவிடும்; பூட்டாமல் போகவும் முடியாது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து சறோஜினிதேவி எத்தனை தரம் இந்த வீட்டைப் பூட்டியிருப்பாள். ஆள் உள்ளே இருக்க வெளியே பூட்டுப் போட்டதில்லை. உள்ளே இருப்பவர் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. தாலி இன்னும் அவள் கழுத்தில்தான் கிடந்தது. கொண்டியில் மாட்டிய பூட்டை அழுத்த விரல்கள் வரமாட்டேன் என்றன.

கதவின் நீக்கலில் வாயை வைத்துச் சொன்னாள்:

"இஞ்சருங்கோ. கதவைப் பூட்டிப்போட்டுப் போறன். கோவிக்காதையுங்கோ."

சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் ஒரு "ம்" வரட்டும் என்று நின்றாள். வாமதேவன் முகத்தை அங்காலே திருப்பிக்கொண்டான். மழை கொட்டியது. தாயை இழுத்துக்கொண்டு போகக் கோசலாவுக்கும் மனம் வரவில்லை.

"அம்மா," என்றாள் மெல்ல.

"பொறடி," என்றாள் சறோஜினிதேவி. "கொப்பர் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை."