இரண்டாவது குறுக்குத் தெருச் சேறு

அடையாற்றில் கலக்கும் அந்தக் கால்வாயில் ஞாயிறுதோறும் காலையில் ஆறு பேர் தண்ணீர் எடுத்துப் பார்ப்பார்கள். கட்டட வேலை நடக்கும் இடங்களிலிருந்து சேறு வந்து விழுகிறதா என்று கவனிப்பது அவர்களாக ஏற்றுக்கொண்ட வேலை. ஈக்காட்டுத்தாங்கலில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் குலாம் முகம்மது படியிறங்கி பாட்டிலை நிரப்புவார். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஜலஜா அதை நீளமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும்வரை அடியிலுள்ள கறுப்புக் குறி தெரிகிறது என்று எழுதிக்கொள்வார்.

கார்த்திகையில் மழையே இல்லாத ஒரு ஞாயிறு, நான்கு விரல் உயரத்திலேயே குறி மறைந்துவிட்டது.

“மழையில்லாம இவ்ளோ சேறுன்னா, எவனோ மோட்டார் போட்டு வுட்டுக்கினு கீறான் மேடம்” என்றார் குலாம்.

இருவரும் மழைநீர் வடிகாலின் மூடிகளுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். இரண்டாவது குறுக்குத் தெருவில், நீலத் தகரம் அடைத்த ஒரு மனைக்குள்ளிருந்து வந்த குழாய் நேராக வடிகாலில் இறங்கியிருந்தது. ஜலஜா இருபத்தாறு வருடம் குடியிருந்த அடுக்ககம் இருந்த மனை அது. புதிதாகக் கட்டுவதற்காக இடித்திருந்தார்கள். அங்கிருந்த எட்டுக் குடும்பங்களும் இப்போது வாடகை வீடுகளில்.

மேற்பார்வையாளர் வெள்ளைத்துரை எதையும் மறைக்கவில்லை. “அஸ்திவாரக் குழியில ஊத்து நிக்கவே மாட்டேங்கும்மா. தொட்டி கட்டி, மண்ணைப் படிய வச்சுத்தான் விடணும். அதுக்கு வேலைய நிறுத்தணும். உங்க சங்கத்துல சொல்லச் சொல்லுங்க, செஞ்சிருதேன்.”

அடுக்ககச் சங்கச் செயலாளர் வெங்கடரமணனுக்கு ஜலஜா அங்கிருந்தே போன் செய்தார்.

“கோமளம் அந்த முழங்காலை வெச்சுண்டு தினம் மூணு மாடி ஏறி எறங்கறா. வாடகை வீட்ல லிப்ட் கிடையாது” என்று மனைவியைப் பற்றிச் சொன்னார் அவர். “வேலை தள்ளிப்போனா அவளுக்குத்தான் கஷ்டம். நம்மாத்து மேலேயே புகார் கொடுப்பேளா?”

“தொட்டி கட்டச் சொல்லி நீங்களே கேட்டுட்டா புகாரே வேண்டாம் சார்.”

“பாக்கலாம்” என்று வைத்துவிட்டார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் தண்ணீர் அப்படியேதான் வந்தது. குலாம் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “மத்த சைட்டுக்கெல்லாம் அன்னிக்கே போட்டோ அனுப்புனோம். இதுக்கு மட்டும் இன்னா மேடம்?”

அன்று மாலை ஜலஜா மாநகராட்சிக்குப் படங்களோடு புகார் அனுப்பினார். தன் பெயரையும் பழைய வீட்டு எண்ணையும் போட்டார்.

அதிகாரிகள் வந்து வேலையை நிறுத்தினார்கள். நடுவில் மழை பிடித்துக் குழி நிரம்பியதால், மறுபடி தொடங்க இருபத்து மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் மூன்று அறைத் தொட்டி ஒன்றை வெள்ளைத்துரை கட்டி முடித்திருந்தார். குலாம் போய் மோட்டாரை மாட்டிக் கொடுத்தார். தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீரில் முக்கால் குழாய் நிரம்பும்வரை குறி தெரிந்தது.

அந்த வாரம் ஜலஜா கோமளத்தைப் பார்க்கப் போனார். வெங்கடரமணன் அவரைப் பார்த்ததும் உள்ளறைக்குப் போய்விட்டார். கோமளம் சுவரைப் பிடித்துக்கொண்டே காபி எடுத்து வந்தார்.

“நீ பண்ணினது சரிதான்” என்றார், டம்ளரை வைத்துவிட்டு. “ஆனா நித்தம் படியேறறவ நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்க ஜலஜாவுக்குத் தைரியம் வரவில்லை. “கேட்டிருக்கணும்” என்று மட்டும் சொன்னார். கோமளம் தலையசைத்துவிட்டு, மெதுவாக எதிரில் உட்கார்ந்தார்.