ஒரு கூரை, இரண்டு வயிறு

நிரோஜினிக்கு அன்று காலையிலேயே வயிறு எரிந்தது. நிறைமாதத்தில் நெஞ்செரிவு வருவது ஒன்றும் புதினமில்லை என்று கிளினிக்கில் சொல்லுவார்கள். இது அந்த எரிவு இல்லை. குசினிக்குள் அவளுடைய அம்மா தங்கரத்தினம் எள்ளு வறுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசம் உவர்மலை ஒழுங்கை முழுவதும் பரவி, கீழே துறைமுகத்தில் கட்டிக்கிடந்த கப்பல்காரனுக்கும் பசியைக் கிளப்பியிருக்கும். ஆனால் அந்த எள்ளில் ஒரு மணிகூட மகளுக்கு இல்லை. பனங்கட்டி சேர்த்து இடித்து உருட்டப்போகிற அத்தனை உருண்டையும் பின் அறையில் வாடகைக்கு இருக்கிற மில்டாவுக்கு.

"எனக்கு ஒண்டு தாங்கம்மா."

"உனக்கு ஏலாது பிள்ளை. சீனி கூடினா டொக்டர் என்னைத்தான் ஏசுவார். உனக்குக் குரக்கன் ரொட்டி வைச்சிருக்கு, பாவற்காய்ச் சம்பலும் இருக்கு. போய்ச் சாப்பிடு."

அம்மா சொன்னதில் பிழை இல்லை. பிழை இல்லாததால்தான் கோபம் இன்னும் கூடியது. தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய் வீட்டுக்குப் போனால் அம்மா வாய்க்கு ருசியாக ஆக்கிப்போடுவாள் என்று கிளிவெட்டியிலிருந்து கனவு கண்டுகொண்டு வந்தவள் அவள். புருசன் சசிகரன் வேளாண்மை வெட்டு முடியட்டும் என்று அங்கேயே நின்றுவிட்டான். வந்த கையோடு இரத்தத்தில் சீனி என்று கிளினிக்கில் கண்டுபிடித்தார்கள். அதோடு இனிப்பு, வெள்ளைச் சோறு, மாம்பழம் எல்லாவற்றுக்கும் தடை. அம்மாவின் கை சும்மா இருக்கப் பழகாத கை. மகளுக்குச் செய்ய முடியாததை எல்லாம் அது பின் அறைக்குச் செய்யத் தொடங்கியது.

மில்டாவுக்கும் கிட்டத்தட்ட அதே மாதம்தான். லித்துவேனியாக்காரி. புருசன் கப்பலில் எஞ்சினியர். எந்தக் கடலில் நிற்கிறான் என்று அவளுக்கே சில நாளில் தெரியாது. தாயில்லாமல் வளர்ந்தவள். கோயிலும் இல்லை, சேர்ச்சும் இல்லை; மண்ணையும் சூரியனையும் அடுப்பு நெருப்பையும் கும்பிடுகிற பழைய சமயம் அவளுடையது. அதற்குப் பெயர் 'பேகன்' என்று வந்த முதல் நாளே சொல்லியிருந்தாள். ஊசியும் வெட்டும் இல்லாமல், மண்ணின் பிள்ளையாகத் தன் பிள்ளை பிறக்கவேண்டும் என்பது அவள் மண்ணுக்கு வைத்த நேர்த்தி. இந்த ஊருக்கு வந்தது, சாப்பாடு, நடை, மூச்சு எல்லாம் அதற்காகத்தான்.

இதை நிரோஜினி மொழிபெயர்த்துச் சொன்னபோது தங்கரத்தினம் கொஞ்சமும் திகைக்கவில்லை.

"அப்ப நம்மட ஆக்கள்தானே. அதுக்கேன் வேற பேர்?"

பிறகு ஒருநாள் மில்டா சாப்பிட முதல் ஒரு கிள்ளு உப்பை எடுத்து அடுப்பில் போட்டுக் கைகூப்பினாள். நெருப்புத் தெய்வத்துக்கு அவர்கள் கொடுக்கிற பங்காம். கண்ணூறு கழிக்க உப்பும் மிளகாயும் அடுப்பில் போடுகிற தங்கரத்தினத்துக்கு அதைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து மில்டா 'மகள்' ஆனாள். "மகள், முருங்கையிலைக் கஞ்சி குடிங்கோ." "மகள், பேரீச்சம்பழம் திண்டனீங்களோ?" பெற்ற மகள் மட்டும் வெறும் 'நீ'.

பின்னேரங்களில் முற்றத்தில் இன்னொரு கூத்து நடக்கும். குந்தியிருந்தால் பூமி பிள்ளையைத் தன் பக்கம் இழுக்கும் என்று மில்டா சொல்ல, "நாங்க ஆயுசு முழுக்கக் குந்தித்தானே வேலை செய்தனாங்க" என்று அம்மா திருவலையைக் கொண்டுவந்து போட்டாள். வெள்ளைக்காரி குந்தியிருந்து தேங்காய் துருவ, அம்மா பக்கத்தில் இருந்து அவளுடைய இடுப்பைப் பிடித்துவிடுவாள். நோவு வரும்போது விட வேண்டிய மூச்சு என்று மில்டா தேனீ இரைகிற மாதிரி ஒரு சத்தம் எழுப்புவாள். அம்மாவும் சேர்ந்து இரைவாள். "வா நிரோ, நீயும் பழகு" என்று மில்டா பலமுறை கூப்பிட்டாள். அப்போதெல்லாம் நிரோஜினிக்குக் கால் வீக்கம், தலையிடி, தூக்கம் என்று ஏதாவது ஒரு சாட்டு இருந்தது. கதிரையில் இருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, மில்டாவுக்குத் தமிழில் பத்துச் சொல்லுக்கு மேல் வராது. அவர்கள் இரண்டு பேரின் அன்பும் நிரோஜினியின் வாய் வழியாகத்தான் போய்வந்தது. மற்றவர்களுடைய காதல் கடிதத்தைத் தூக்கித் திரிகிற தபால்காரன் மாதிரி அவள் ஆகிவிட்டாள். தபால்காரன் ஒருநாள் கடிதத்தைப் பிரித்தால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

அன்று அம்மா முற்றத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். மில்டா நிரோஜினியின் பக்கத்தில் வந்து அமர்ந்து, தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்டாள். ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்களாம். தனக்கு இங்கே ஒருவரும் இல்லை. அம்மா வந்து நிற்பாவா? பிள்ளையை முதலில் அவவுடைய கையில் கொடுக்க விருப்பம். இதைக் கேட்டுச் சொல்வாயா?

நிரோஜினிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. எள்ளுருண்டை போகட்டும், மகள் என்ற பெயரும் போகட்டும். அம்மாவின் கைகள் ஏந்துகிற முதல் பிள்ளை தன் பிள்ளையாக இருக்கவேண்டும். அம்மாவின் முகத்தில் வரப்போகிற அந்த முதல் சந்தோஷம் தனக்குச் சொந்தமானது. அதையும் இவளுக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது.

"என்னவாம்?" என்று அம்மா இலையை விட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"நேத்தைக் கீரைக்கு உப்புக் கூடவாம்" என்றாள் நிரோஜினி.

பிறகு மில்டாவின் பக்கம் திரும்பி, வாயில் வந்ததை ஆங்கிலத்தில் கட்டினாள். எங்கள் வழக்கத்தில் ஒரு கூரையின்கீழ் இரண்டு வயிறு இருக்கக்கூடாது. இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பில் ஆக்கிய கை, முதலில் வெளியாளின் பிள்ளையை ஏந்தினால், சொந்தப் பேரப்பிள்ளைக்கு ஆகாது. அம்மாவுக்கு விருப்பம்தான், ஆனால் உன்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறா.

முதல் பாதி ஊரில் சிலர் சொல்லுகிற கதைதான். தங்கரத்தினமே அதை எடுபடாக் கதை என்று தள்ளிவிட்டுத்தான் மில்டாவுக்கு அறையைக் கொடுத்தவள். மற்றப் பாதி அந்த நிமிடத்தில் பிறந்தது. இங்கே வேறு எந்த வெள்ளைக்காரியாக இருந்தாலும் சிரித்திருப்பாள், மூடநம்பிக்கை என்றிருப்பாள். நிரோஜினியும் அதைத்தான் எதிர்பார்த்தாள். சிரித்தால் சண்டை பிடிக்கலாம் என்றும் இருந்தாள். ஆனால் மில்டா வழக்கத்தைத் தேடிக் கடல் கடந்து வந்தவள். அவளுடைய முகம் வெளுத்துப்போயிற்று. நிரோஜினியின் வயிற்றின்மேல் மெதுவாகக் கைவைத்து, தெரியாமல் இருந்துவிட்டேன், உன் பிள்ளை என்னை மன்னிக்கட்டும் என்றாள்.

அடுத்த நாள் காலை பெட்டியோடு நின்றாள். உப்புவெளியில் சிநேகிதி ஒருத்தியின் இடத்துக்குப் போகிறாளாம். அடுப்பில் உப்புப் போட்டுக் கும்பிட்டாள், தங்கரத்தினத்தின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள், அயலில் இருக்கிற முனீபின் ஓட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

நிரோஜினி வென்றுவிட்டாள். வென்ற சந்தோஷம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இருந்தது. கோப்பையில் இருந்த கீரையில் உப்பே இல்லை.

"அம்மா, உப்புப் போடேல்லையோ?"

"கூடிப்போயிடும் எண்டு பயமா இருக்கு" என்றாள் தங்கரத்தினம். "உப்புக் கூடினதுக்கே போயிட்டா? நான் வேற என்ன செய்தனான்? நீ அவவிட்டக் கேட்டுப் பாக்கலாமே."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எதிலும் உப்பில்லை. பாவற்காயும் இல்லாத உப்புமாக நிரோஜினி விழுங்கியதை ஆஸ்பத்திரியில்கூடக் கொடுக்கமாட்டார்கள். அம்மா மகளோடுதான் இருந்தாள், ஆனால் கதை எல்லாம் மற்றவளைப் பற்றியே இருந்தது. மகள் சாப்பிட்டிருப்பாவோ. அங்க கடற்கரைக் காத்துக்குச் சளி பிடிக்குமே. ஆர் இடுப்பைப் பிடிச்சு விடுகினம். வீட்டில் இருந்த மில்டாவோடு போட்டி போடலாம். வீட்டில் இல்லாத மில்டாவோடு எப்படிப் போட்டி போடுவது என்று நிரோஜினிக்குத் தெரியவில்லை. பொறாமை குறையும் என்று நினைத்தவளுக்கு அது இரட்டிப்பாகிப் படுக்கையிலும் பக்கத்தில் கிடந்தது.

பிறகு ஒரு முற்பகல் அவளுடைய போன் அடித்தது. மில்டா. ஆஸ்பத்திரியிலிருந்து கதைத்தாள். நாள் இருக்கிறது என்று சொன்னார்கள், ஆனால் காலையிலேயே நோவு தொடங்கிவிட்டது. சிநேகிதி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டாள். உள்ளே துணைக்கு யார் வருகிறார்கள் என்று கேட்கிறார்கள். ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒன்றே ஒன்று கேட்கத்தான் எடுத்தேன் நிரோ. அம்மா அங்கேயே நின்றுகொண்டு எனக்காக அடுப்பில் ஒரு கிள்ளு உப்புப் போடலாமா? அதற்கு உங்கள் வழக்கம் இடம் கொடுக்குமா? உன் பிள்ளைக்கு ஏதும் வரும் என்றால் வேண்டாம்.

நிரோஜினி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் அவசரத்தில் கட்டிய பொய்க்கு ஒருத்தி நோவின் நடுவில் நின்று மரியாதை செய்துகொண்டிருந்தாள்.

"ஆரு? மகளோ?" அம்மா ஈரக் கையோடு குசினியிலிருந்து ஓடிவந்தாள். "என்னவாம்? சொல்லு பிள்ளை."

உப்புப் போடட்டாம் என்று சொன்னால் போதும். அம்மா போடுவாள். அது பொய்யும் இல்லை. அடுத்த கிழமை நிரோஜினியை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது அம்மாவின் கை வேறு பிள்ளையைத் தொடாத கையாகவே இருக்கும். அவள் ஆசைப்பட்டது அதுதான். ஆனால் அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அப்படி ஒரு வழக்கம் இல்லை, மில்டா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "நான் சொன்னது பொய். நீ கேட்டதை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை."

பதிலுக்குத் தேனீ இரைச்சல்தான் வந்தது. ஒரு நோவு ஏறி, நின்று, இறங்கும்வரை அது நீண்டது. இந்தப் பக்கம் அம்மாவும் தன்னை அறியாமல் மெதுவாக இரையத் தொடங்கியதை நிரோஜினி கண்டாள்.

"ஏன்?" என்றாள் மில்டா, மூச்சு வந்தபிறகு.

"அவ என்னுடைய அம்மா."

"தெரியும், நிரோ. எனக்கு முழுக்க வேண்டாம். இன்றைக்கு மட்டும் தா."

"என்ன சொல்லுறா?" என்று தங்கரத்தினம் மகளின் தோளைப் பிடித்தாள்.

"உங்களை வரட்டாம். பிள்ளைப்பேற்று அறைக்குள்ள அவவோட நிக்கட்டாம்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியைத்தான் நிரோஜினி இத்தனை நாளும் தனக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்; அது இப்போது அவளுடைய சொல்லாலேயே போய்விட்டது. போகட்டும் என்று விடவும் முடியவில்லை.

"இப்பதான் கேட்டவவோ?"

"இல்லை. போறதுக்கு முதலே கேட்டவ. நான்தான் உங்களிட்டச் சொல்லேல்லை. வழக்கத்தில இல்லையெண்டு அவவுக்குப் பொய் சொல்லிப்போட்டன். கீரை உப்புக் கதையும் பொய்."

தங்கரத்தினம் கை கழுவினாள், சீலை மாற்றினாள், முனீபுக்குப் போன் எடுக்கச் சொன்னாள். அடி விழும் என்று நின்றவளைப்போல நிரோஜினி வாசலில் நின்றாள். ஓட்டோ வந்து நின்றதும்தான் அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"அவ கேட்டபடியாத்தான் நான் போறன், பிள்ளை. கேக்காட்டி அவவுக்கு ஒருத்தரும் இல்லை. உனக்கு நான் வாறதுக்கு நீ எப்பவாவது கேக்க வேண்டியிருந்ததோ?"

ஓட்டோ இறக்கத்தில் போய் மறைந்தது. நிரோஜினி வாசல் படியில் இருந்து அழுதாள். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அந்தப் பிள்ளையை அம்மா எப்படி ஏந்துவாள், அதன் காதில் முதலில் என்ன சொல்லுவாள் என்று நினைத்து நினைத்து அழுதாள்.