நாசிக் பயணத்தை வகுத்தவள்

நாகலூருக்கு மேலே தங்கள் காபித் தோட்டத்துக்கு நடுவில் இருந்த பழைய பங்களாவைச் சந்திரசேகரும் அவர் மனைவி சுஜாதாவும் தங்கும் விடுதியாக நடத்திவந்தார்கள். அங்கே வரவேற்பு மேசையில் இருந்தவள் மேகலா. சேலத்தில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தவள். அப்பா கமலக்கண்ணன் அதே தோட்டத்தில் மேஸ்திரி. அம்மா கிருஷ்ணம்மாள் காபிப் பழம் பறிக்கப் போகிறவள். தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து படித்து மேலே வந்து, பங்களாவின் முன்வாசல் வழியாக உள்ளே போய் வேலை பார்த்த முதல் பெண் மேகலாதான். அது அவளுக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவுக்கும் இருந்தது, குடித்திருக்கும்போது அதைச் சொல்லுவார்.

சென்னையிலிருந்து வருஷந்தோறும் வந்து தங்கும் கூட்டம் ஒன்று விடுதிக்கு உண்டு. ஓய்வுபெற்ற டாக்டர்களும் பேங்க் அதிகாரிகளும் அவர்கள் மனைவிமாரும். மழை விடாமல் பெய்த ஒரு மாலையில் அவர்களில் ஒருவர், நாசிக் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்குப் போய் விதவிதமான ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் சுற்றுலாக்கள் இருக்கின்றன என்று பேச்செடுத்தார். சுஜாதா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். விடுதியின் சார்பில் நாமே எல்லாரையும் கூட்டிப்போகலாம், மேகலா திட்டம் போடுவாள், அவளே வழிகாட்டியாகக் கூட வருவாள் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னாள்.

மேகலா பெங்களூரைத் தாண்டிப் போனதில்லை. விமானத்தில் ஏறியதில்லை. அன்றிரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

அடுத்த மாதங்களில் அவள் அந்தப் பயணத்தைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை. தை மாசி மாதங்களில்தான் அங்கே அறுவடை, அப்போது போனால் கொடியில் பழத்தையும் பார்க்கலாம், பிழிவதையும் பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு பயணத்தை அதற்குத் தள்ளினாள். தேவசிகாமணி என்ற ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், அவ்வளவு தூரம் போய்விட்டு திரியம்பகேஸ்வரரைப் பார்க்காமல் வருவதா என்றார். ஒயின் வாசனையோடு கோயிலுக்குப் போகமுடியாது என்பதால் காலையில் கோயில், சாயங்காலம் தோட்டம் என்று மேகலா மாற்றி அமைத்தாள். அவருக்கு முழங்கால் வலி உண்டு. பீப்பாய்கள் வைத்திருக்கும் நிலவறைக்குப் படி இறங்கவேண்டுமா, சக்கர நாற்காலி போகுமா என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் போன் செய்து கேட்டாள். வெங்காயம் பூண்டு சேர்க்காத அம்மா ஒருவர் இருந்தார். அவருக்கு எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று விசாரித்தாள். முதல் நாளே நிறையச் சுவைத்துவிட்டால் மறுநாள் யாரும் எழமாட்டார்கள் என்று இரண்டாம் நாள் காலையைச் சும்மா விட்டாள்.

கறுப்புத் திராட்சைக்கும் உள்ளே சாறு வெள்ளைதான், தோலோடு ஊறவைப்பதால்தான் சிவப்பாகிறது என்று படித்த அன்று, அதை அம்மாவிடம் வந்து சொன்னாள். கிருஷ்ணம்மாளுக்கு ஒயின் என்றால் ஒயின் ஷாப்தான். அந்தக் கருமத்தைப் பார்க்க இத்தனை தூரமா போவார்கள் என்று கேட்டாள். கேட்டுவிட்டு, போன் படத்தில் கொடிவரிசைகளைப் பார்த்து, மிளகுக்கொடி மாதிரி மரத்தில் ஏற்றாமல் கம்பியில் கட்டியிருக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டாள். அவளுடைய இடது மணிக்கட்டு சரியாக மடங்காது. மேகலா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் கமலக்கண்ணன் குடித்துவிட்டுத் தள்ளியதில் ஆட்டுக்கல்லின்மேல் விழுந்தாள். சரியாகக் கட்டுப்போட யாரும் கூட்டிப்போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேகலாவுக்குக் கல்யாணப் பேச்சும் நடந்தது. மாப்பிள்ளை பிரபாகர், கிளியூர்க்காரன், சேலத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். பெண் பார்த்துப் பேசி முடித்த அன்று, பிரபாகரின் தாய்மாமன் வேடியப்பனும் கமலக்கண்ணனும் வீட்டுக்குப் பின்னால் போய்க் குவார்ட்டரைத் திறந்து சம்பந்தத்தைக் கொண்டாடினார்கள். நிச்சயம் தை மாதம் என்று வைத்துக்கொண்டார்கள். பிரபாகர் தினமும் போன் செய்வான். நாசிக் பயணத்தைப் பற்றி மேகலா சொன்னபோது, நீ விமானத்தில் போய் வந்தபிறகு என்னையும் கூட்டிப்போ என்று சிரித்தான். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது.

கார்த்திகை மாதத்தில் சுஜாதா பெங்களூரிலிருந்து சில ஒயின் பாட்டில்கள் வாங்கி வந்தாள். விருந்தினருக்கு விளக்கிச் சொல்கிறவள் ருசி தெரியாமல் எப்படிச் சொல்வாள் என்று ஒரு பிற்பகல் மேகலாவை வராந்தாவில் உட்கார வைத்தாள். மேகலா தயங்கினாள். வீட்டில் மணக்குமே என்றாள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் விழுங்கமாட்டார்கள், வாயில் சுழற்றிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்கள் என்று சுஜாதா சொல்லி, துப்புவதற்கு ஒரு பித்தளைக் குவளையும் கொண்டுவந்து வைத்தாள். மேகலா அப்படியே செய்தாள். முதலாவது புளித்தது. இரண்டாவது, நாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. மூன்றாவதில் ஏதோ பழவாசனை இருந்தது, எந்தப் பழம் என்று சொல்லத் தெரியவில்லை. நிறத்தைப் பார்க்கக் கண்ணாடிக் கோப்பையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது சுஜாதா ஒரு படம் எடுத்தாள். மேகலா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் படத்தை அன்று மாலையே சுஜாதா விடுதியின் இணையப் பக்கத்தில் போட்டாள். நாசிக் பயணத்தில் உங்கள் வழிகாட்டி என்று மேலே எழுதியிருந்தது. அவளிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியிருக்காது.

விடிவதற்குள் படம் பஸ் நிற்கும் ஒண்டிக்கடை வரைக்கும் வந்துவிட்டது. மேலே எழுதியிருந்தது போய், படம் மட்டும் ஒருவர் போனிலிருந்து ஒருவர் போனுக்குப் போனது. பஸ்ஸில் கண்டக்டர் அவளைப் பார்த்த விதம் வேறாக இருந்தது. பிரபாகர் அன்று போன் செய்யவில்லை. இவள் கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேடியப்பனும் பிரபாகரின் அம்மாவும் வந்தார்கள். காபி கொடுத்தபோது அந்த அம்மா வாங்கிப் பக்கத்தில் வைத்தாள், குடிக்கவில்லை. வேடியப்பன்தான் பேசினார்.

“ஏனுங்க மச்சான், நாங்க தப்பாச் சொல்ல வரலீங்க. புள்ள நல்ல புள்ளதானுங்க. ஆனா நாலு பேரு போன்ல பாத்துட்டாங்க. இனி என்னத்தச் சொல்லி ஊரு வாய மூடறதுங்க?”

மேகலா கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. முன்னால் வந்தாள்.

“நான் குடிக்கலீங்க. வாயில வெச்சுப் பாத்துட்டுத் துப்பிட்டனுங்க. அது என்ற வேலைங்க.”

“வாயில வெச்சது வெச்சதுதானே, கண்ணு” என்றார் வேடியப்பன். கனிவாகத்தான் சொன்னார். அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் பிராந்தி வாடை அடித்தது. அந்தச் சின்ன அறையில் இருந்த எல்லாருக்கும் அது தெரிந்தது. யாரும் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. நிச்சயத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று பிரபாகரின் அம்மா சொன்னாள். பையன் என்ன சொல்கிறான் என்று கிருஷ்ணம்மாள் கேட்டாள். பையனும் அதையேதான் சொல்கிறான் என்றாள் அவள்.

அவர்கள் போனபிறகு கமலக்கண்ணன் வெளியே போய், பொழுது சாயும்போது தள்ளாடிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று, லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“இந்த ஊட்டுல குடிக்கறதுக்கு ஒருத்தன் போதும்.”

“அந்த ஒருத்தராலதான் அம்மா கை இன்னும் மடங்கறதில்லீங்கப்பா” என்றாள் மேகலா.

அவர் கையை ஓங்கினார். கிருஷ்ணம்மாள் நடுவில் வரவில்லை. அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஓங்கிய கை இறங்கியது. அதற்குப்பிறகு அவர் மகளோடு பேசுவதை விட்டுவிட்டார்.

மறுநாள் மேகலா சுஜாதாவிடம் போனாள். படத்தை எடுத்துவிடும்படி கேட்டாள். அதோடு, மேடமும் சாரும் ஒருமுறை கிளியூருக்கு வந்து, இது விடுதி வேலை, நாங்கள்தான் செய்யச் சொன்னோம் என்று அந்த வீட்டில் சொன்னால் போதும் என்றாள். அவர்கள் சொன்னால் கேட்பார்கள் என்று உண்மையிலேயே நம்பினாள்.

சுஜாதா படத்தை உடனே எடுத்துவிட்டாள். வருத்தப்பட்டாள். கண்கூடக் கலங்கியது. ஆனால் கிளியூருக்குப் போவதைப் பற்றிக் கேட்டதும் சந்திரசேகரைப் பார்த்தாள். உங்கள் ஜனங்கள் விவகாரத்தில் எஸ்டேட்காரர்கள் தலையிட்டால் வேறு மாதிரிப் பேச்சு வரும் என்று சந்திரசேகர் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார். சற்று நேரம் கழித்து சுஜாதா அவள் தோளில் கைவைத்தாள்.

“யோசிச்சுப் பார்த்தேன் மேகலா. இந்த நேரத்துல நீ நாசிக் வேற வந்தா இன்னும் பேசுவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். இலக்கியாவை வரச்சொல்லியிருக்கேன். எல்லாத்தையும் அவகிட்டச் சொல்லிடு.”

இலக்கியா சுஜாதாவின் அண்ணன் மகள், சென்னைப் பெண். அவள் முன்னதாகவே வரச்சொல்லப்பட்டிருந்தாள் என்பது மேகலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கல்யாணம் போனது ஒரு வலி. இது வேறு வலி. இரண்டில் எது பெரிது என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். பதிலை நினைத்து வெட்கமாக இருந்தது.

எதையும் மறைக்காமல் இலக்கியாவிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். எந்தத் தோட்டத்தில் மதியம் வெயில் படும், எந்த டிரைவருக்கு இந்தி மட்டும் வரும், தேவசிகாமணி சாருக்கு எங்கே நாற்காலி போட வேண்டும் என்பதுவரை. இலக்கியா கெட்டவள் இல்லை. நீங்களும் வந்தால் நன்றாக இருக்குமே அக்கா என்றாள். பாதிக் கவனத்தோடு கேட்டுக்கொண்டாள்.

தை மாதம் விடுதி வாசலிலிருந்து விமான நிலையத்துக்கு வேன் கிளம்பியது. தண்ணீர் பாட்டில்களை ஏற்றிவிட்டு, கதவைச் சாத்தி, எல்லாருக்கும் கைகாட்டியவள் மேகலாதான். தேவசிகாமணி மட்டும் ஜன்னல் வழியாக, நீ வரவில்லையாம்மா என்று கேட்டார். வீட்டில் வேலை இருக்கிறது என்று சொன்னாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மேகலா பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது இலக்கியாவிடமிருந்து போன் வந்தது. தோட்டத்து வாசலில் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள், முன்பதிவு மேகலாவின் நம்பரில் இருக்கிறது, அந்த நம்பருக்கு ஒரு ரகசிய எண் வரும், அதைச் சொன்னால்தான் விடுவார்களாம் என்றாள். பின்னால் யாரோ கோபமாகப் பேசுவது கேட்டது. போனில் எண் வந்து நின்றது. மேகலா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் போனை அணைத்துவிடலாம். மலைப்பாதையில் சிக்னல் போய்விட்டது என்றால் யார் என்ன கேட்கமுடியும்? அவள் நிஜமாகவே அணைக்கும் பொத்தானில் விரலை வைத்தாள். முழங்கால் வலியோடு அந்தக் கிழவர் வாசலில் நிற்பார் என்ற நினைப்பு வந்தது. எண்ணைச் சொன்னாள். இலக்கியா நன்றி சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது.

அவர்கள் திரும்பி வந்தபிறகு, விருந்தினர்கள் எழுதிய பாராட்டை எல்லாம் சுஜாதா விடுதியின் இணையப் பக்கத்தில் போட்டாள். ஒவ்வொன்றையும் எவ்வளவு யோசித்து ஏற்பாடு செய்திருக்கிறாய் இலக்கியா என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். கோயிலையும் தோட்டத்தையும் ஒரே நாளில் வைத்த அழகை ஒருவர் தனியாகக் குறிப்பிட்டிருந்தார். மேகலாவுக்கு ஒரு பொட்டலம் உலர்திராட்சை வந்தது. அதை வாங்கிக்கொண்டு, இந்த மாதத்தோடு வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொன்னாள். சுஜாதாவுக்கு ஏன் என்று விளங்கவேயில்லை. உனக்கு என்ன குறை வைத்தோம் என்று கேட்டாள்.

சேலத்தில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது. சேருவதற்கு முந்தின வாரம் ஒண்டிக்கடையில் பஸ்ஸுக்கு நின்றவளிடம் பிரபாகர் வந்தான். மெலிந்திருந்தான். கொஞ்ச நேரம் பஸ்ஸைப் பற்றியே பேசினான்.

“ஊட்ல நான் பேசிட்டேன், மேகலா. நீ ஓட்டல் வேலைக்கே போகக்கூடாது. சேர்வராயன் கோயில்ல வந்து, இனி தொடமாட்டேன்னு ஒரு சத்தியம் பண்ணீட்டாப் போதும். மாமாவும் சரின்னுட்டாரு.”

“உங்க மாமாவும் பண்ணுவாருங்களா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, அவர் ஆம்பளை, அதையும் இதையும் ஏன் ஒன்றாக்குகிறாய் என்றான். குரலில் கெஞ்சல்தான் இருந்தது. தனக்கு அவனை இன்னும் பிடித்திருக்கிறது என்று தெரிந்து அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“தப்பே பண்ணாம எதுக்குங்க சத்தியம்? நீங்க போங்க.”

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னாள். கிருஷ்ணம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்துவிட்டுச் சொன்னாள்.

“பண்றேன்னு சொல்லியிருக்கலாமில்ல, கண்ணு. சொல்றதுக்கு என்ன? நானெல்லாம் எத்தனைக்குத் தல ஆட்டியிருக்கறேன்.”

மேகலா பாத்திரத்தை வாங்கி அடுப்பில் வைத்தாள். அம்மா தனக்காக நிற்பாள் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தாள் போல; அது அப்போதுதான் போனது.

அவள் சேலத்தில் பெண்கள் விடுதியில் தங்கி வேலைக்குப் போனாள். சித்திரையில் பிரபாகருக்குக் கல்யாணம் நடந்தது. பெண் அரூர்ப் பக்கம். பத்திரிகை நாகலூர் வீட்டுக்கும் வந்தது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் போகும்போது போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று கமலக்கண்ணனும் கிருஷ்ணம்மாளும் போய்வந்தார்கள். அந்த வாரம் மேகலா ஊருக்கு வந்திருந்தாள். வேடியப்பன் வாசலிலேயே நின்று எல்லாரையும் வரவேற்றார் என்று கிருஷ்ணம்மாள் சொன்னாள். வேறென்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பந்தியில் என்னென்ன பரிமாறினார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். வாழைக்காய்ப் பொரியலில் உப்புக் கூடிவிட்டதாம், பாயசம் நன்றாக இருந்ததாம். மேகலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசி பஸ் போய்விடுமே என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.