பாடையில் ஜோரா

ஜோரா காய்ச்சலிலிருந்து எழுந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அவனைப் பாடையில் படுக்கவைக்கக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று நாத்தனார் வந்து சொன்னதும் பதாமி கைவேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

ஜெய்ப்பூருக்குப் புத்தர் கதையைப் படம் பிடிக்க வந்திருந்தவர்களுக்கு, இளவரசர் தெருவில் பார்க்கும் பிணமாக நடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"உங்கண்ணனுக்கு வேற வேஷமே கிடைக்கலையா?"

"யானை பக்கத்துல நிக்கிறேன்னுதான் கேட்டாராம், அண்ணி. ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்துட்டு, இந்த மூஞ்சிதான் வேணும்னுட்டாங்களாம்."

பதாமி உச்சி வெயிலில் ஓடினாள். அரக்கு வளையல் எதிலும் பட்டு உடைந்துவிடக் கூடாதென்று கைகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

கோட்டை வாசலில் நான்கு பேர் பாடையைத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைத் துணிக்கு வெளியே ஜோராவின் முகம் மட்டும் தெரிந்தது. உதட்டில் ஈ உட்கார்ந்தது; அவன் அசையவில்லை. காய்ச்சல் முற்றிய அன்று வைத்தியர் மூக்கருகே நூல் பிடித்துப் பார்த்தபோதும் இப்படித்தான் கிடந்தான். மார்பு ஏறி இறங்குகிறதா? தெரியவில்லை.

கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் பாடையைப் பற்றினாள். முக்காடு நழுவியதுகூடத் தெரியவில்லை.

"எந்திரிங்க. விளையாடுற விஷயமா இது? எந்திரிங்கன்னா!"

அவன் மார்பில் அறைந்தாள். கேமராக்காரர் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

ஜோரா உதடு பிரியாமல் முணுமுணுத்தான். "கத்தாதடி. மறுபடி முதல்லேருந்து படுக்கச் சொல்லுவாங்க."

அவள் மண்ணிலேயே உட்கார்ந்தாள். உயிரோடுதான் இருக்கிறான் என்று தெரிந்த பிறகும் அழுகை நிற்கவில்லை.

"யாருய்யா அந்தப் பொம்பளை? நாம சொல்லித் தந்திருந்தாகூட இப்படி அழமாட்டா," என்றார் டைரக்டர்.

அடுத்த குளிர்காலத்தில் கூடாரம் போட்டு அந்தப் படத்தைக் காட்டினார்கள். பேசாத படம்; ஆர்மோனியம் மட்டும் ஒலித்தது. திரையில் பதாமியின் வாய் அசைந்தது. வசவு ஒன்றுகூட யார் காதிலும் விழவில்லை.

"பாவம், புருஷனைப் பறிகொடுத்துட்டு எப்படிக் கதறுறா பாரு," என்று பக்கத்துப் பெண் கண்ணைத் துடைத்தாள்.

பதாமியால் திரையைப் பார்க்க முடியவில்லை. திரும்பி, ஆண்கள் பக்கம் ஒவ்வொரு தலைப்பாகையாகத் தேடினாள். ஜோரா வறுத்த கடலையை மென்றபடி தன் பிணத்தை ரசித்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு அவனை அவள் மல்லாந்து படுக்க விட்டதேயில்லை. தட்டி எழுப்பி ஒருக்களிக்க வைத்துவிட்டுத்தான் படுப்பாள்.